விமானியின் சட்டைப்பையில் என்ன இருந்தது?

யுத்த விமானங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வேகம், உயரம், துப்பாக்கிகளின் எண்ணிக்கை என்பவற்றைப் பற்றியே எழுதுகின்றனர். நான் இங்கே எடுத்துக்கொள்வது அவற்றைவிட மிகச் சிறிய ஒரு விடயம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஒற்றை ஆசனம் கொண்ட போர் விமானமொன்றில் ஏறிய இளைஞன், தன் சொந்தப் பொருட்களை எங்கே வைத்தான்? பற்தூரிகை, மாற்றுச் சட்டை, தாயின் கடிதம், தங்கை தைத்துக் கொடுத்த பொம்மை என்பவற்றுக்கு அந்த இயந்திரத்தில் இடம் இருந்ததா? எவற்றை எடுத்துச் செல்ல அவனுக்கு அனுமதி இருந்தது? அவன் திரும்பி வராதபோது அவை என்னவாயின?

விளையாட்டாகத் தொடங்கிய இந்தத் தேடல் என்னை வெகுதூரம் கொண்டு சென்றது. அதில் கிடைத்தவற்றை என் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இடமில்லாத வாகனம்

பிரித்தானியாவின் ஸ்பிட்ஃபயர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன்பகுதி முழுவதையும் இயந்திரம் நிறைத்திருந்தது. இயந்திரத்துக்கும் விமானிக்கும் இடையே, அவனுடைய முழங்காலுக்கு நேரெதிரே, 85 கலன் எரிபொருள் கொள்ளும் தாங்கிகள். இறக்கைகளுக்குள்ளே துப்பாக்கிகளும் அவற்றுக்குரிய ரவைப் பெட்டிகளும். விமானியின் முதுகுக்குப் பின்னால் வானொலிக் கருவி. இத்தனைக்கும் நடுவில், ஓர் ஆளின் தோள் அகலத்தைவிடச் சற்றே பெரிய குழி ஒன்று. அதுதான் விமானியின் அறை.

அந்த அறையிலும் அவன் தனியாக அமர்வதில்லை. ஆசனத்தில் மெத்தைக்குப் பதிலாகப் பரசூட் பொதி இருக்கும். யுத்தம் தொடர்ந்தபோது அதன்மேல் காற்றடைக்கும் சிறு இறப்பர் படகொன்றும் மடித்து வைக்கப்பட்டது. கடலில் விழுந்தால் உயிர் காப்பது அதுவே. மார்பிலே உயிர்காப்பு அங்கி. முகத்திலே ஒட்சிசன் மூடி. சிறுவர் கதைகளால் நாம் அறிந்த எழுத்தாளர் றோல்ட் டால், 1941இல் கிரேக்கத்தில் ஹரிக்கேன் விமானம் ஓட்டியவர். அவருடைய உயரம் ஆறடி ஆறு அங்குலம். அவர் தன்னையே அந்த அறைக்குள் மடித்து வைக்க வேண்டியிருந்தது. அப்படியிருக்கப் பெட்டிக்கு எங்கே இடம்?

எடையைவிட, எடை இருக்கும் இடம்

இடம் கிடைத்தாலும் கண்ட இடத்தில் பொருளை வைத்துவிட முடியாது. சாதாரண தர விஞ்ஞானத்தில் விசையின் திருப்பம் பற்றி நாம் படித்திருக்கிறோம். சீசோ பலகையின் நடுவில் ஒரு பெரியவர் நின்றாலும் பலகை அசையாது. ஓரத்தில் ஒரு சிறு பிள்ளை அமர்ந்தால் சாய்ந்துவிடும். விமானமும் அவ்வாறே. அதன் புவியீர்ப்பு மையம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால்தான் அது நிலையாகப் பறக்கும். வால் பக்கமாக எடை கூடினால் மையம் பின்னே நகரும். மூக்கு தானாக மேலெழப் பார்க்கும். திருப்பங்களில் விமானம் விமானியின் சொல்லைக் கேட்காது.

அமெரிக்காவின் முஸ்டாங் விமானம் இதற்கு நல்ல உதாரணம். ஜேர்மனியின் உட்பகுதிவரை சென்று திரும்ப வேண்டும் என்பதற்காக, அதன் ஆசனத்துக்குப் பின்னால் 85 அமெரிக்கக் கலன், அதாவது ஏறத்தாழ 320 லீற்றர் கொள்ளும் மேலதிகத் தாங்கி ஒன்றைப் பொருத்தினார்கள். அது நிறைந்திருக்கும்போது விமானம் மிகவும் தடுமாறியது. எனவே எதிரியைச் சந்திக்குமுன் அந்தத் தாங்கியின் பெரும்பகுதியை எரித்துத் தீர்த்துவிட வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்பட்டது. ஆசனத்துக்குப் பின்னால் ஏற்றப்படும் எடையை அவர்கள் ஏன் அளந்து பார்த்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, திசைகாட்டி. ஸ்பிட்ஃபயரில் அது விமானியின் முழங்கால்களுக்கு நடுவே, கருவிப் பலகைக்குக் கீழே இருந்தது. அதன் அருகே இரும்பாலான பொருள் எதையும் வைத்தால் ஊசி பிழையான திசையைக் காட்டும். மேகத்துக்குள் பறப்பவனுக்குச் சில பாகை பிழையே போதும், கடலைத் தரையென்று நம்புவதற்கு. இரண்டாவது, கட்டப்படாத பொருள். போர் விமானம் தலைகீழாகவும் பறக்கும். அப்போது சட்டைப்பையில் இருக்கும் பென்சிலும் நாணயமும் அறையெங்கும் பறந்து, கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்கிடையே போய்ச் சிக்கிக்கொள்ளலாம்.

இதைக் கண்முன்னே கண்டவர் ஒரு பெண். தொழிற்சாலைகளிலிருந்து விமானத் தளங்களுக்குப் புதிய விமானங்களை ஓட்டிச் சென்று ஒப்படைக்க, பிரித்தானியாவில் விமானப் போக்குவரத்துத் துணைச் சேவை என்ற அமைப்பு இயங்கியது. அதில் 168 பெண்கள் விமானிகளாகப் பணியாற்றினர். துப்பாக்கியும் இல்லை, வானொலியும் இல்லை. தரையைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். காலநிலை கெட்டால் எங்கு இறங்குவோம், எங்கு இரவு தங்குவோம் என்று தெரியாததால் சிறிய பையொன்றை எப்போதும் உடன் கொண்டு சென்றார்கள். 1943இலிருந்து ஆண்களுக்குச் சமமான சம்பளத்தையும் பெற்றார்கள். அவர்களுள் ஒருவரான டயானா பர்னாட்டோ வோக்கர், ஒருமுறை ஸ்பிட்ஃபயரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த முகப்பவுடர் டப்பா நழுவித் திறந்துகொள்ள, பவுடர் அறை முழுவதும் பறந்து அவர் முகத்திலும் அப்பிக்கொண்டது. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. பவுடருக்குப் பதில் சிறு கத்தியொன்று நழுவியிருந்தால் சிரிக்க முடியாது.

அப்படியானால் எங்கே வைத்தார்கள்?

நிரந்தரத் தளத்திலிருந்து புறப்பட்டு, சண்டையிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் அங்கேயே திரும்பி வருபவனுக்குப் பயணப்பை தேவையில்லை. படைப்பிரிவு ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயரும்போதுதான் பிரச்சினை எழுந்தது. பெரிய பெட்டிகள் லொறியிலோ கப்பலிலோ பின்னால் வரும்; அவை வந்துசேர நாட்கள் செல்லும். விமானி முதலில் போய்விடுவான். சவரக் கத்தி, பற்தூரிகை, ஒரு மாற்றுடை ஆகியவற்றை மட்டும் வானொலிக் கருவி இருக்கும் பகுதியின் சிறு கதவைத் திறந்து உள்ளே செருகிக்கொள்வான். சண்டைக்கு அல்லாத பயணமாயின் இறக்கையில் ரவைப் பெட்டிகளுக்குரிய வெற்றிடமும் உதவியது. ஜேர்மனியின் மெஸர்ஸ்மிட் 109 விமானத்திலும் விமானியின் தலைக்குப் பின்னால் சிறியதொரு பொதியறை இருந்தது. கிரிமியாவிலிருந்து 1944இல் பின்வாங்கியபோது, ஜேர்மன் விமானிகள் சிலர் தம் திருத்துநர்களையே உடற்பகுதிக்குள் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். பொருட்களை விட்டுவிட்டு மனிதரை ஏற்றிய சந்தர்ப்பம் அது.

இந்தக் கதை நம் நாட்டையும் தொடுகிறது. 1942 மார்ச் மாத ஆரம்பத்தில் இன்டோமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் பறந்து வந்து இலங்கையில் இறங்கின. 30ஆம் படைப்பிரிவு இரத்மலானையிலும் 261ஆம் படைப்பிரிவு திருகோணமலை சீனன்குடாவிலும் நிலைகொண்டன. சிங்கப்பூரும் ஜாவாவும் வீழ்ந்தபோது தப்பி வந்த விமானிகளைக் கொண்டு 258ஆம் படைப்பிரிவு இங்கே மீள அமைக்கப்பட்டு, கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பறந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்தெழுந்தவர்கள் இவர்களே. ஜாவாவிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்களின் கையில் பெட்டி படுக்கை இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்று நாம் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடக்கும் அந்தத் திடலைக் கடக்கும்போதெல்லாம் அவர்களின் வெறுங்கைகள் என் நினைவுக்கு வருகின்றன.

எல்லோரும் வெறுங்கையோடு பறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஜேர்மன் விமானிகளுள் புகழ்பெற்ற அடொல்ஃப் கலன்ட் சுருட்டுப் பிரியர். அவர் தன் மெஸர்ஸ்மிட் விமானத்தில் சுருட்டுப் பற்றவைக்கும் மின்கருவியையே பொருத்தி வைத்திருந்தார்! தளபதியாக இருந்தால் விதிகள் சற்று வளைந்து கொடுக்கும் போலும்.

பைகளைக் காலி செய்

எதிரி நாட்டின் மேல் பறக்கப் போகிறவனுக்கு வேறொரு கட்டளை காத்திருந்தது. புறப்படுமுன் சட்டைப்பைகளைக் காலி செய்துவிட வேண்டும். கடிதம், நாட்குறிப்பு, பஸ் டிக்கெட், சினிமா டிக்கெட் எதுவும் கூடாது. காரணம் எளியது. பிடிபட்ட விமானிகளை ஜேர்மனியர் பிராங்பேர்ட் நகருக்கு அருகிலுள்ள ஒபருர்செல் என்ற இடத்துக்குக் கொண்டு சென்று விசாரித்தார்கள். அங்கிருந்த விசாரணையாளர்கள் அடிப்பதைவிடப் பேச்சிலும் பொறுமையிலுமே நம்பிக்கை வைத்தவர்கள். ஊர்ப் பெயர் அச்சிட்ட ஒரு டிக்கெட் துண்டு கிடைத்தால் போதும். அவன் எந்தத் தளத்திலிருந்து வந்தான் என்பது தெரிந்துவிடும். அது தெரிந்ததும், “உன்னைப் பற்றி எமக்கு எல்லாமே தெரியும்” என்ற பாவனையில் மீதியையும் கறந்துவிடலாம். தாய் அன்போடு எழுதிய கடிதமே மகனின் தோழர்களைக் காட்டிக்கொடுத்துவிடும் நிலை அது.

சொந்தப் பொருட்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு பொருட்களை வைத்தார்கள். பிரித்தானியாவில் 1939இன் இறுதியில் எம்.ஐ.9 என்ற இரகசியப் பிரிவு உருவாக்கப்பட்டது. சிறைப்பட்டவர்கள் தப்பி வர உதவுவதே அதன் வேலை. அதில் பணியாற்றிய கிளேற்றன் ஹட்டன் என்பவர் விசித்திரமான கருவிகளை அமைப்பதில் வல்லவர். பட்டுத் துணியில் அச்சிட்ட வரைபடம் அவருடைய முயற்சிகளில் ஒன்று. காகிதம் மடிக்கும்போது சரசரக்கும், நனைந்தால் கிழியும். பட்டு ஓசையெழுப்பாது, நனைந்தாலும் கெடாது, ஆடையின் உட்பக்கத்தில் வைத்துத் தைத்துவிடலாம். சட்டைப் பொத்தானுக்குள்ளே ஒளித்த திசைகாட்டி இன்னொன்று. 1943ஆம் ஆண்டு அறிமுகமான பறக்கும் சப்பாத்தில் சிறு கத்தியொன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனால் சப்பாத்தின் நீண்ட மேற்பகுதியை அறுத்தெடுத்தால், சாதாரணக் குடிமகன் அணியும் கறுப்புச் சப்பாத்து எஞ்சும். விமானிகள் சிவில் உடையில் எடுத்த தம் சிறிய புகைப்படங்களையும் கொண்டு சென்றார்கள். பிரான்ஸில் உதவி செய்பவர்கள் போலி அடையாள அட்டை தயாரிக்க அவை தேவைப்பட்டன.

சீனாவில் 1941-42 காலத்தில் பறந்த அமெரிக்கத் தொண்டர் விமானிகள், சீனக் கொடியும் சீன எழுத்துகளும் கொண்ட துணியொன்றை மேற்சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டார்கள். உதவிக்காக வந்திருக்கும் இந்த அந்நியனைக் காப்பாற்றுங்கள் என்பதே அதன் பொருள். மொழி தெரியாத ஊரில் விழுந்தவனுக்காக அந்தத் துணி பேசியது.

விமானிகளின் கழுத்தில் காணப்படும் பட்டு ஸ்கார்ஃப் அலங்காரத்துக்கானது என்றே நான் நீண்டகாலம் எண்ணியிருந்தேன். எதிரி எத்திசையிலிருந்து வருவான் என்று தலையை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் கரடுமுரடான கழுத்துப்பட்டை உரசித் தோல் புண்ணாகிவிடும். பட்டு அதைத் தடுத்தது. கழுத்துப்பட்டையில் தொங்கிய விசிலும் அப்படியே. கடலில் மிதக்கும்போது குரல் அடைத்துவிடும். விசிலின் ஒலி அலைகளைத் தாண்டிக் கேட்கும்.

ஆயிரம் கைகளின் தையல்

ஜப்பானிய வீரர்கள் பலர் இடுப்பில் ‘செனின்பரி’ என்ற துணிப்பட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஆயிரம் பேரின் தையல் என்பது அதன் பொருள். தாயோ மனைவியோ சகோதரியோ தெருவோரத்தில் துணியோடு நின்று, போகும் வரும் பெண்களிடமெல்லாம் ஒவ்வொரு முடிச்சுத் தைத்துத் தருமாறு கேட்பாள். ஆயிரம் முடிச்சுகள் சேர்ந்ததும் அதைப் போருக்குச் செல்பவனிடம் கொடுப்பாள். புலி ஆண்டில் பிறந்த பெண் மட்டும் தன் வயதின் எண்ணிக்கைக்குத் தைக்கலாம். புலி எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஐந்து சென், பத்து சென் நாணயங்களையும் அதில் வைத்துத் தைத்தார்கள். ஜப்பானிய மொழியில் நான்கு சென் என்பது மரணத்தின் எல்லை என்ற சொல்லைப் போலவும், ஒன்பது சென் என்பது கடும்போர் என்ற சொல்லைப் போலவும் ஒலிக்கும். ஐந்தும் பத்தும் அவற்றைக் கடந்த எண்கள் அல்லவா?

1945இல் ஜப்பான் தோல்வியின் விளிம்பில் நின்றபோது, திரும்பி வராத பயணத்துக்கே விமானிகளை அனுப்பத் தொடங்கியது. கியூஷு தீவின் தெற்கிலுள்ள சிரான் தளத்திலிருந்து மட்டும் இவ்வாறு 439 பேர் புறப்பட்டு மாண்டனர். அவ்வூர்ப் பெண்கள் உயர் பாடசாலையின் மாணவிகள் மார்ச் மாத இறுதியிலிருந்து அவர்களுக்கு உணவு பரிமாறவும் உடை துவைக்கவும் கிழிந்ததைத் தைக்கவும் அனுப்பப்பட்டார்கள். துணித் துண்டுகளில் சிறு பொம்மைகள் செய்து கொடுத்தார்கள். விமானிகள் அவற்றை உடையிலும் விமான அறையிலும் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். செரிப்பூக் கிளைகளை அசைத்து விடைகொடுக்கும் அம்மாணவிகளின் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது.

இந்த இடத்தில் என் எழுதுகோல் சற்று நின்றுவிட்டது. அந்த மாணவிகள் எங்கள் வயதினர். அவர்கள் தைத்த பொம்மையில் அன்பு இருந்தது, அதில் சந்தேகமில்லை. அந்த அன்பையே, ‘போகாதே’ என்று சொல்ல முடியாத ஒரு ஏற்பாட்டின் பகுதியாக அரசு ஆக்கிக்கொண்டது. செனின்பரி தைத்த தாய், மகன் திரும்பி வரவேண்டும் என்று தைத்தாள். சிரான் மாணவியோ, திரும்ப மாட்டான் என்று அறிந்தே தைத்தாள். ஊசியும் நூலும் ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம் கையால் செய்து கொடுக்கும் ஒன்று எதற்குத் துணைபோகிறது என்று கேட்கும் உரிமை ஒரு மாணவிக்கு இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அவர்களுக்கு அது இருக்கவில்லை.

பொருள் மட்டும் மீண்டபோது

டக்ளஸ் பாடர் என்ற பிரித்தானிய விமானி 1931இல் ஒரு விபத்தில் இரு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால்களோடு மீண்டும் பறந்தார். 1941 ஓகஸ்ட் 9ஆம் திகதி பிரான்ஸின் மேல் அவரது விமானம் உடைந்தது. வெளியே பாய முயன்றபோது வலது செயற்கைக் கால் அறைக்குள் சிக்கிக்கொண்டது. கட்டியிருந்த பட்டி அறுந்து கால் விமானத்தோடு போக, அவர் பரசூட்டில் உயிரோடு இறங்கினார். அவரைச் சிறைப்பிடித்த ஜேர்மனியர், பதில் காலை அனுப்பலாம் என்று பிரித்தானியாவுக்கு அறிவித்தார்கள். அதற்கு முன்னின்றவர்களுள் நாம் முன்பு கண்ட அந்தச் சுருட்டுப் பிரியர் கலன்டும் ஒருவர். ஓகஸ்ட் 19ஆம் திகதி பிரித்தானிய விமானமொன்று புதிய காலைப் பரசூட்டில் கட்டிப் போட்டது. கொல்வதற்கே கற்ற இரு தரப்பாரும் ஒரு காலுக்காகச் சற்று மனிதரானார்கள்.

எல்லாக் கதைகளும் இவ்வாறு முடியவில்லை. இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண்ணான ஏமி ஜோன்சன், முன்பு கூறிய துணைச் சேவையில் பணியாற்றினார். 1941 ஜனவரி 5ஆம் திகதி அவர் ஓட்டிச் சென்ற விமானம் தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்தது. அவரைக் காப்பாற்றக் குளிர்நீரில் குதித்த கப்பல் தலைவரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. நீரில் மிதந்து கிடைத்தது அவருடைய பயணப் பை.

‘குட்டி இளவரசன்’ எழுதிய அந்துவான் து செந்தெக்சுபெரி, 1944 ஜூலை 31ஆம் திகதி கோர்சிகாத் தீவிலிருந்து புகைப்படம் எடுக்கும் லைட்னிங் விமானமொன்றில் புறப்பட்டவர், திரும்பவில்லை. 54 ஆண்டுகள் எந்தத் தடயமும் இல்லை. 1998இல் மார்செய்க்கு அருகே மீனவர் ஒருவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று அகப்பட்டது. அதில் அவருடைய பெயரும், மனைவி கொன்சுவேலோவின் பெயரும், நியூயோர்க்கிலிருந்த அவரது வெளியீட்டாளரின் முகவரியும் பொறிக்கப்பட்டிருந்தன. அதன் பின்னரே கடலடியில் விமானத்தின் சிதைவுகள் தேடப்பட்டு, 2004இல் அவை அவருடையவை என்று உறுதியாயின.

பறக்கும்போது கொண்டுசெல்லாத பொருட்களுக்கும் ஒரு கதை உண்டு. விமானி திரும்பாவிட்டால், பிரித்தானிய விமானப் படையில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி ஒருவர் அவனுடைய அறைக்குச் சென்று, உடைகளையும் புத்தகங்களையும் கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவார். குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தக்கூடியது ஏதும் இருந்தால் அகற்றிவிடுவார். பின்னர் அவை கோல்ன்புறூக் என்ற இடத்திலிருந்த மத்திய களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும்.

துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு பெட்டியைத் திறந்து, மடித்த சட்டையையும் பற்தூரிகையையும் பார்த்து நின்ற தாய்மாரை யாரும் எண்ணி வைக்கவில்லை. தோழியரே, இனி அருங்காட்சியகத்தில் ஒரு போர் விமானத்தைக் கண்டால், அதன் மூக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடாமல், ஆசனத்துக்குப் பின்னாலுள்ள அந்தச் சிறு கதவையும் ஒருமுறை பாருங்கள்.